நாற்பதாம் வயதில் விசேட சித்தி

பாரிஸில் ஓடாதவர் யார், சொல்லுங்கள்? மெட்ரோக் கதவு மூடுவதற்குள் ஓடுகிறோம். விசா வரிசையில் இடம் பிடிக்க விடியுமுன்னே ஓடுகிறோம். கலியாண மண்டபத்துக்கு வீடியோக்காரன் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் சேலைத் தலைப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறோம். ஓடி முடிந்ததும் மூச்சு வாங்கி, நெற்றியைத் துடைத்து, ஓடியதையே மறந்துவிடுகிற இவர்கள் சாதாரண மனிதர்கள். இவர்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வந்திருப்பது வேறோர் இனம். இந்த இனத்தவர் எங்கேயும் போய்ச் சேருவதற்காக ஓடுவதில்லை. உடம்பு நன்றாக இருக்கும் என்பதற்காகவும் ஓடுவதில்லை. ஓடி முடிந்தபின் யாரோ ஒருவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பார் பாருங்கள், அந்த எண்ணுக்காக ஓடுகிறார்கள். மதிப்பெண்ணை யாழ்ப்பாணத்தில் புள்ளி என்போம். ஆகவே இவர்களைப் புள்ளிக்காரர் என்று அழைப்பதுதான் பொருத்தம்.

புள்ளிக்காரரை அடையாளம் காண்பது மிகச் சுலபம். நீங்கள் "எப்படிச் சுகம்?" என்று கேட்டால் அவர் "ஐம்பத்தெட்டு" என்பார். அவ்வளவுதான்.

லா ஷப்பலில் எண்பத்தெட்டாம் ஆண்டு இந்த இனத்தின் தலைமகனாக விளங்கியவர் தவரத்தினம். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிப்பவராகச் சேர்ந்து, உருளைக்கிழங்கு சீவுபவராகப் பதவி உயர்ந்து, அப்போது சலாட் கழுவும் பொறுப்பையும் மேலதிகமாக ஏற்றிருந்தார். மெலிந்த உடம்பு, நீளக் கால்கள், உடம்புக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட அவசரப்படுகிற கழுத்து. கலியாணம் ஆகவில்லை. நான்கு பேரோடு ஓர் அறையில் குடியிருந்தார்.

அவர் இந்த இனத்தில் சேர்ந்த வரலாறும் கேட்கத் தக்கதுதான். ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டார். நீங்களும் நானும் என்ன செய்வோம்? பஸ் சாரதியின் பரம்பரையைத் திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். தவரத்தினத்துக்கு ரோசம் வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே ஓடி, அதற்கு முன்னால் அடுத்த தரிப்பில் போய் நின்றார். பஸ்ஸுக்குள் ஜன்னலோரமாக இருந்து இதைப் பார்த்துக்கொண்டு வந்தவர் ழான்-லூக். புதுச்சேரிக்காரர், தபால் இலாகா உத்தியோகத்தர், ஓய்வு நேரத்தில் கனால் எனப்படும் கால்வாயின் கரையில் இருந்த ஒரு சின்ன ஓட்டக் கழகத்தின் செயலாளர்.

"என்னங்க இது, பஸ்ஸைவிட வேகமா வர்றீங்க! நம்ம கிளப்புல சேந்துடுங்க முசியே, ஞாயித்துக்கிழமைல சும்மாதானே இருப்பீங்க" என்றார்.

தவரத்தினம் சேர்ந்தார். முதல் ஓட்டத்தில் எங்கேயோ கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். வந்த களையோடு வீட்டுக்குப் போகத் திரும்பியவரை ழான்-லூக் கூப்பிட்டு நிறுத்தினார். அவரிடம் ஓர் அகலமான அட்டை இருந்தது. 'பரேம்' என்பார் அதை. அவரே இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து போட்ட அட்டவணை. ஓடிய தூரம், எடுத்த நேரம், ஓடியவரின் வயது மூன்றையும் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று அது சொல்லும். இளவட்டங்களுக்குச் சலுகை கிடையாது. வயது ஏற ஏறப் புள்ளி கூடும், பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். "வயசானவங்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாதில்லீங்களா?" என்று சொல்லிக்கொண்டே ழான்-லூக் விரலை அட்டையில் ஓட்டி, ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்: ஐம்பத்திரண்டு.

துண்டை வாங்கிய தவரத்தினம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஏன் ஒற்றினார் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் அவர் பல்கலைக்கழகத்துக்குச் சோதனை எழுதிய காலம், அரசாங்கம் புள்ளிகளைத் தரப்படுத்திய காலம். யார் எந்த மொழியில் எழுதினார் என்று பார்த்து ஏற்றி இறக்கினார்கள். என்ஜினியர் ஆகக் காணும், தாராளமாகப் போதும் என்று வாத்தியார் சொன்ன புள்ளி, தமிழில் எழுதியதால் காணாமல் போயிற்று. வீட்டில் ஏற்கெனவே என்ஜினியர் மாப்பிள்ளையின் தாயாகத் தன்னை நினைத்துக்கொண்டு நடமாடிய அம்மா ஒரு மாதம் கோயிலுக்குப் போகவில்லை. அந்தக் கழிவை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? இத்தனை வருடம் கழித்து, ஊர் பேர் தெரியாத கனால் கரையில், ஒரு மனிதர் அட்டையைப் பார்த்து, அநியாயம் நடக்கக் கூடாது என்று சொல்லி, புள்ளியைக் கூட்டித் தருகிறார். தரப்படுத்தல் முதல்முறையாகத் தவரத்தினத்தின் பக்கம் சாய்ந்தது. மனிதனுக்கு விசர் பிடிக்காமல் என்ன செய்யும்?

பிடித்தது. நன்றாகவே பிடித்தது.

முதலில் அறைச் சுவரில் ஒரு கட்டத்தாளை ஒட்டினார். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு குத்து, குத்துக்களை இணைத்து ஒரு சிவப்புக் கோடு. கோடு மேலே ஏறியபோது தாள் போதாமல் இன்னொரு தாளை மேலே ஒட்ட, அது முருகன் கலண்டரின் பாதத்தைத் தொட்டது. கோடு கீழே இறங்கிய மாரிகாலத்தில் கீழே ஒரு தாளை ஒட்ட, அது பக்கத்துக் கட்டில்காரர் வரதராசாவின் தலையணைக்குப் பின்னால் போய் இறங்கியது. வரதராசா ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுபவர், பொறுமைசாலி. அவருக்கே ஒருநாள் பொறுக்கவில்லை.

"அண்ணை, உங்கடை பெப்ரவரி என்ரை தலைமாட்டிலை வந்து கிடக்கு" என்றார்.

"கொஞ்சம் பொறும் தம்பி. மார்ச்சிலை எழும்பியிடும்."

பிறகு காரணங்கள் வந்தன. புள்ளிக்காரருக்குப் புள்ளி கூடினால் அது அவருடைய உழைப்பு. குறைந்தால் அது உலகத்தின் சதி. ஜோரெஸ் பக்கத்தில் எதிர்க்காற்று. கல் பதித்த பாதை. குறுக்கே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், அவள் தள்ளிய வேகமும் காணாது, நாற்பதுகூடத் தேறாது. முதல்நாள் வரதராசா வைத்த பருப்பில் பெருங்காயம் கூட. இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொல்வார். ஓடும்போது வராத மூச்சு காரணம் சொல்லும்போது எங்கிருந்துதான் வருமோ!

தன்னோடு விட்டாரா? அதுதான் இல்லை. மெட்ரோப் படியில் ஏறுகிற கிழவருக்கு நாற்பத்தாறு போட்டார். பொலிஸைக் கண்டு பழக்கூடையோடு ஓடிய ஆபிரிக்கப் பொடியனுக்கு எண்பத்தொன்று போட்டு, "எங்கடை கிளப்பிலை சேரலாமே!" என்று உண்மையாகவே வருந்தினார். பிள்ளையார் தேர் இழுத்தவர்களை வரிசையாகப் பார்த்துப் புள்ளி போட்டு, பிள்ளையாருக்கு மட்டும் போடாமல் விட்டார். அந்தளவு பக்தி இருந்தது.

ஊர்ச் சனம் இதைக் கேட்டுச் சிரித்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? யாழ்ப்பாணத்தாரை நீங்கள் அறியவில்லை. சோதனை முடிவு என்ற ஒன்று கண்ணில் படாமல் வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த சனம் அது. மரக்கறிக் கடை வாசலில் தவரத்தினத்தைக் கண்டதும் சூழ்ந்துகொள்ளும்.

"எத்தினை எடுத்தீர்?"

"ஐம்பத்தெட்டு."

"ஐம்பத்தெட்டோ! காணாது தம்பி. எங்கடை மச்சானின்ரை பொடியன் கனடாவிலை நீச்சலிலை எண்பது."

"மற்றப் பாடங்கள் எப்பிடி?"

"ரியூசனுக்குப் போகேல்லையோ?"

தவரத்தினம் இவற்றுக்கெல்லாம் பொறுப்போடு பதில் சொன்னார். ஒரு சொல்லுக்கும் கோபிக்கவில்லை. அவர் கண் எட்டத்தில் ஓர் எண்ணில் குத்தி நின்றது: எழுபத்தைந்து. எங்கள் சோதனைகளில் எழுபத்தைந்து எடுத்தால் அதற்கு விசேட சித்தி என்று பெயர். அதற்குக் கீழே கிடைப்பதெல்லாம் திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்று ஆறுதல் பரிசு மாதிரி. விசேட சித்தி எடுத்தவன் வீட்டுக்குத்தான் சொந்தக்காரர் கோழியோடு வருவார்கள்.

ஆனால் கோடு ஐம்பத்தெட்டிலேயே படுத்துக் கிடந்தது. தவரத்தினம் சோற்றைக் குறைத்தார், காலையில் எழுந்து கனாலைச் சுற்றினார், வாழைப்பழமாகத் தின்றார். கோடு அசையவில்லை. அப்போதுதான், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், அவர் மூளையில் வெளிச்சம் அடித்தது. பரேமில் வயது ஏறப் புள்ளி ஏறும். அதிலும் நாற்பதைத் தாண்டினால் 'வெத்தெரான்' என்ற மூத்தோர் பிரிவு, அங்கே புள்ளி ஒரே தாவாகத் தாவும். அவருடைய வயது என்ன?

இந்தக் கேள்விக்கு எங்கள் சனத்தில் ஒற்றைப் பதில் கிடையாது. தவரத்தினத்தைப் பள்ளிக்கூடத்தில் முந்திச் சேர்த்துவிட வேண்டும் என்று அவருடைய அப்பா மூன்று வயதைக் கூட்டிப் பதிந்திருந்தார். ஆகவே சாதகப்படி அவருக்கு முப்பத்தேழு, பிரெஞ்சு அடையாளக் கார்டின்படி நாற்பது பிறக்கப்போகிறது. இதற்கு மேலே கலியாணப் புரோக்கர் ஒருவர், பெண் வீட்டாருக்குச் சொல்வதற்கென்று முப்பத்திநாலு என ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தார். ஊரில் எல்லாரும் கார்டு வயதை ஒரு தலைவிதி என்று சுமந்து திரிய, தவரத்தினம் மட்டும் அதைப் புதையல் கண்டவர் போலத் தடவிப் பார்த்தார். அப்பா அன்றைக்கே தன் ஓட்டத்துக்கு வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கினார்.

கார்டின்படி நாற்பதாவது பிறந்தநாள் வந்தது. பேக்கரியில் பெரிய கேக் வாங்கி, மேலே நாற்பது என்று கொட்டை எழுத்தில் எழுதுவித்து, அறைக்குக் கொண்டுவந்தார்.

"அண்ணை, போன சித்திரையிலை முப்பத்தேழு எண்டெல்லோ கோயிலிலை அர்ச்சனை செய்தனீங்கள்?" என்றார் வரதராசா.

"அது கடவுளுக்கு. இது கிளப்புக்கு."

"அப்ப எனக்கு எந்த வயசுக் கேக்கைத் தாறியள்?"

"விசர்க்கதை கதையாமல் தின்னும்."

அடுத்த ஓட்டத்தில் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓடினார், இடுப்பு நாரியில் பிடிப்பு. ஆனாலும் அறுபத்தாறு! உலகத்திலேயே வயது போவதற்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் அன்று லா ஷப்பலில் சீட்டியடித்துக்கொண்டு நடந்தார். காதோரத்தில் ஒரு நரைமயிர் கண்டால் கண்ணாடியில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பெட்டை எழுந்து இடம் கொடுத்தபோது, அவளுக்கு மூன்று முறை மெர்சி சொன்னார்.

இந்த நேரத்தில்தான் கலியாணப் பேச்சு பழுத்தது. பெண் தில்லைநாயகி. அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசாவோடு வில்லியே லே பெல்லில் இருந்தாள், ஒரு தையல் கடையில் வேலை. முன்னர் இரண்டு மூன்று இடங்கள் பேசி, கடைசி நேரத்தில் கைவிட்டுப் போயிருந்தன. தவரத்தினம் ஒருமுறை ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் அவளைக் கண்டிருந்தார். பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தவள், "இன்னும் கொஞ்சம் விடட்டோ? ஓடுற கால்களாம், களைச்சுப் போகும்" என்று பகிடி விட்டிருந்தாள். அன்றிலிருந்து அவருக்கு நெஞ்சில் ஓர் இடத்தில் இனிப்பு. அறையில் நான்கு பேரின் குறட்டை நடுவே படுத்துக்கொண்டு, இதைவிட்டால் இனி எனக்கு ஒரு வீடு வாசல் இல்லை என்று எண்ணி எண்ணிப் பயந்திருக்கிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும். புள்ளிக்காரனும் மனிதன்தானே.

பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செய்தி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கனால் ஓட்டம்! வேறு எந்த மனிதனும் ஓட்டத்தை விட்டிருப்பான். தவரத்தினம் அவர்களை ஓட்டத்துக்கு வரச் சொன்னார். ஸ்ரீஸ்கந்தராசா அதற்கும் சம்மதித்தார். "ஓடுற மாப்பிளை எண்டால் நெஞ்சு வருத்தம் இராது" என்பது அவருடைய கணக்கு.

வந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார். தில்லைநாயகி சேலைக்கு மேலே கம்பளிச் சட்டையும், சாக்ஸ் போட்ட காலில் செருப்புமாகக் கரையில் நின்றாள். அரைக் காற்சட்டையோடு வந்து மாப்பிள்ளை வணக்கம் சொல்ல, "ஓடும் தம்பி, ஓடும். எங்களைப் பாத்து மினைக்கெடாதையும்" என்று ஸ்ரீஸ்கந்தராசா வாழ்த்தினார்.

அன்று தவரத்தினம் ஓடிய ஓட்டத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஒரு பெண் கரையில் நின்று பார்க்கிறாள் என்ற ஒன்றுக்காக மனிதன் எப்படி ஓடுவானோ அப்படி ஓடினார். வழக்கமாக அவரைத் தாண்டிப் போகிற சொட்டைத் தலை பேக்கரிக்காரரைத் தாண்டினார். கடைசித் திருப்பத்தில் வாந்தி வந்தது, அதை விழுங்கினார். எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தில்லைநாயகி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்து மூடியில் தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தாள். எல்லாம் எவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது பாருங்கள்!

ழான்-லூக் ஒலிபெருக்கியை எடுத்தார். பிரெஞ்சில் அறிவித்தார், அது ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அவ்வளவாக விளங்கவில்லை. விருந்தாளிகள் தமிழர்கள் வந்திருக்கிறார்களே என்று ழான்-லூக்குக்கு உபசாரம் பொங்கி, அதையே தமிழிலும் சொன்னார்:

"நாப்பது வயசு தாண்டின பெரியவங்க பிரிவுல ரெண்டாவது இடம், நம்ம முசியே தவரத்தினம்! புள்ளி எழுபத்தஞ்சு! எல்லாரும் கை தட்டுங்க!"

எழுபத்தைந்து. விசேட சித்தி. தவரத்தினம் கப்பை வாங்கிக்கொண்டு, காலே தரையில் படாமல் திரும்பி வந்தார். ஸ்ரீஸ்கந்தராசாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தரை திரும்பவும் காலில் பட்டது.

காலையிலிருந்து தம்பி, தம்பி என்று வாய் நிறைய அழைத்த மனிதர் இப்போது கேட்டார்: "அண்ணைக்கு என்ன வயசு?"

"அது... நீங்கள் எந்த வயசைக் கேக்கிறியள்?"

"ஒரு மனிசனுக்கு எத்தினை வயசு இருக்கும்?"

"எனக்கு மூண்டு இருக்கு."

மூன்றையும் சொன்னார். கார்டு, சாதகம், புரோக்கர். முப்பத்தேழுதான் மெய் என்றும் சொன்னார், அம்மாவின் மேல் சத்தியம் செய்தார். ஸ்ரீஸ்கந்தராசா கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துச் சொன்னார்.

"முப்பத்தேழு எண்டால் காரியமில்லை. ஆனா நாப்பது தாண்டின கிழவர் ஓட்டத்திலை கப் எடுத்தவரோ உங்கடை மாப்பிளை எண்டு நாளைக்கு எங்கடை புளொக் முழுக்கக் கேக்கும். போய் அந்த மனிசனிட்டை வயசு பிழை எண்டு சொல்லி, கப்பைக் குடுத்திட்டு வாரும். சனத்துக்குச் சாதகத்தைக் காட்டுவம். ஆவணியிலை கலியாணத்தை வைப்பம்."

எவ்வளவு நியாயமான பேச்சு! ஒரு தகரக் கப், அவ்வளவுதானே? தவரத்தினமும் தலையாட்டினார். ழான்-லூக்கின் மேசைக்குப் போனார்.

"முசியே, சும்மா கேக்கிறன். இதே ஓட்டத்தை முப்பத்தேழு வயசுக்காரன் ஓடியிருந்தால் எத்தினை?"

ழான்-லூக் அட்டையில் விரலை இழுத்தார். "அறுபத்தேழுங்க. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா."

தவரத்தினம் மேசை முன்னால் நின்றார். பேக்கரிக்காரர் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். கப்பை மேசையில் வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார், அதன் கைப்பிடியிலிருந்து தன் விரலைக் கழற்றப் பார்த்தார். விரல் வரவில்லை. கப்போடு திரும்பி வந்தார்.

"அறுபத்தேழாம்" என்றார்.

"அதுக்கு?"

"எழுபத்தைஞ்சு அண்ணை! விசேட சித்தி!"

"உமக்கென்ன விசரே? பொம்பிளை வேணுமோ, புள்ளி வேணுமோ?"

தவரத்தினத்தின் வாய் கோணியது. இந்த இடத்தில் அவர் அழுதுவிட்டார் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அழுதார்.

"ஒருக்கால் என்ரை புள்ளியை வெட்டினவங்கள் அண்ணை. அப்ப ஆரும் என்னைக் கேக்கேல்லை. இப்ப நானே போய், என்ரை வாயாலை, வெட்டுங்கோ எண்டு சொல்லவோ? ஏலாது. எனக்கு ஏலாது. தங்கச்சியைக் கட்ட எனக்கு எவ்வளவு ஆசை எண்டு உங்களுக்குத் தெரியாது. ஆனா இது மட்டும் ஏலாது."

ஸ்ரீஸ்கந்தராசா பிளாஸ்கின் மூடியைத் திருகினார். "வா பிள்ளை, ரெயினுக்கு நேரமாச்சு" என்றார்.

தில்லைநாயகி அசையவில்லை. அவள் தவரத்தினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கைவிட்டுப் போன மாப்பிள்ளைகளுக்கெல்லாம் சட்டென்று விட்டுவிடக்கூடிய கைகள்தான் இருந்தன. ஒரு தகரக் கப்பையே விட முடியாத மனிதனை அவள் இப்போதுதான் காண்கிறாள்.

"வயசு கூடினால் புள்ளி கூடுமோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார் தவரத்தினம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பொம்பிளையளுக்கும்?"

"பொம்பிளையளுக்கு இன்னும் கூட."

"அப்ப நானும் ஒண்டு சொல்லவேணும். உந்தப் புரோக்கர் என்ரை வயசையும் சரியாச் சொல்லேல்லை."

"பிள்ளை! வாயைப் பொத்து!" என்று பாய்ந்தார் அண்ணன்.

"எத்தினை தரம் பொத்துறது அண்ணை? வந்த ஒவ்வொருத்தனும் மெய்யான வயசு தெரிஞ்ச உடனை ஓடினவங்கள்தானே. இவர் ஓடிப்போட்டுத்தான் நிக்கிறார், களைச்சுப் போனார். இவருக்குச் சொன்னால் என்ன?"

சொன்னாள். தன் கார்டில் உள்ள வயதை, மாதத்தோடு சொன்னாள்.

சொல்லிவிட்டு, அவர் முகம் இருளப்போவதற்காகக் காத்து நின்றாள். அவளுக்குப் பழக்கம். முதலில் புருவம் ஏறும், பிறகு கண் மெல்ல அண்ணன் பக்கம் போகும், பிறகு "யோசிச்சுச் சொல்லுறம்" என்ற வார்த்தை வரும்.

தவரத்தினத்தின் புருவம் ஏறியது. கண் போனது, ஆனால் அண்ணன் பக்கம் போகவில்லை, ழான்-லூக்கின் அட்டைப் பக்கம் போனது. கப்பை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினார். விரல் இப்போது சுலபமாகவே கழன்றது, அதை அவர் கவனிக்கவே இல்லை. அட்டையின் பெண்கள் பத்தியைத் தடவினார், ழான்-லூக்கோடு ஏதோ வாதாடினார், திரும்பி ஓடி வந்தார். முகம் முழுக்கச் சூரியன்.

"ஐயோ தில்லைநாயகி! உங்களுக்கு இருக்கிற வயசுக்கு நீங்கள் ஓடவே தேவையில்லை! சும்மா விறுவிறெண்டு நடந்தாலே அறுபது! கொஞ்சம் பழகினால் எண்பது! எண்பது! இவ்வளவு நல்ல வயசை வைச்சுக்கொண்டு ஏன் ஒளிச்சுத் திரிஞ்சியள்?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. பிறந்த நாளிலிருந்து அவளுடைய வயதைக் கேட்டுச் சந்தோசப்பட்ட ஒரே ஆண்பிள்ளை இவர்தான்.

"செருப்போடை நடந்தாலுமோ?" என்று கேட்டாள்.

"செருப்போடை எண்டால் ஐம்பத்தாறு."

"அண்ணை," என்றாள் அவள் திரும்பி, "எனக்கு இந்த மனிசன் காணும்."

ஸ்ரீஸ்கந்தராசா பிளாஸ்கைத் திறந்து, மிச்சத் தேத்தண்ணியைத் தானே குடித்தார். "ரெண்டும் நல்லாத்தான் பொருந்தியிருக்கு. ரெண்டுக்கும் விசர்" என்றார். ஆனால் தங்கை இப்படிச் சிரித்து அவர் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதனால் ரெயின் பேச்சை விட்டுவிட்டார்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. கோயில் சடங்குக்கு முன்னர் நகரசபையில் பதிவு. மூவர்ணப் பட்டை அணிந்த ஓர் அம்மையார் எழுந்து நின்று, இந்த நாட்டு வழக்கப்படி, மாப்பிள்ளையின் பிறந்த தேதியையும் பெண்ணின் பிறந்த தேதியையும் மண்டபம் முழுவதும் கேட்கும்படி உரத்த குரலில் வாசித்தார். பிரெஞ்சு தெரியாது என்று இவ்வளவு நாளும் சொல்லித் திரிந்த சனம் எல்லாம் அந்த நிமிடத்தில் பிரெஞ்சைத் தெளிவாக விளங்கிக்கொண்டது. பட்டுச் சேலைகளின் மடிப்புக்குள்ளே விரல்கள் மடிந்தன. ஒருவர் பக்கத்தவரிடம் கழித்தல் கணக்கில் உதவி கேட்டார். வரதராசா மாப்பிள்ளைக்கு மூன்றைக் குறைப்பதா வேண்டாமா என்று தடுமாறி முதலிலிருந்து தொடங்கினார். மாப்பிள்ளையோ பெண்ணின் தேதி வாசிக்கப்பட்டபோது சனத்தின் பக்கம் திரும்பி, கேட்டீர்களா என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தினார். பெண் தலை குனியவில்லை.

அது சரி, வாசகரே, தில்லைநாயகிக்கு என்ன வயது? கனால் கரையில் அவள் சொன்ன இடத்திலிருந்து நீங்களும் இதையேதான் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். அவள் சிரித்ததைக்கூட நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை. அவளா மூத்தவள், அவரா மூத்தவர், எத்தனை வருடம், அவரின் எந்த வயதை வைத்துக் கழிப்பது? உங்கள் பெருவிரல் இப்போது எந்த விரலின் கணுவில் நிற்கிறது என்று ஒருதரம் குனிந்து பாருங்கள். தவரத்தினம் பைத்தியக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் எண்ணைக் கேட்டது கூட்டிக் கொடுப்பதற்கு. வேண்டுமென்றால் அவளுடைய வயதை உங்களுக்கும் சொல்கிறேன், எனக்கொன்றும் நட்டமில்லை. ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேளுங்கள்.